எந்தச் சுண்டெலி, எந்த வைரஸ்? நிர்ப்பீடனம் படிக்கப் போகும் திருமலைப் பிள்ளைகளுக்கு

திருகோணமலையில் உயிரியல் படித்துவிட்டு, உடலின் நோயெதிர்ப்பை ஆராயும் நிர்ப்பீடனத் துறைக்குள் போக ஆசைப்படும் பிள்ளையிடம் "எந்த வைரஸை எடுக்கப் போகிறாய்?" என்று கேட்டால், பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: "மிஸ், டெங்கு." ஏன் என்று கேட்கத் தேவையில்லை. 2017இல் இலங்கை முழுவதும் ஒரு இலட்சத்து 86 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் டெங்கு நோயாளிகளாகப் பதிவானார்கள். அந்த வருடம் முதலில் அடிவாங்கிய இடங்களில் ஒன்று எங்கள் கிண்ணியா. அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்த பிள்ளைகள்தான் இப்போது பட்டப்படிப்பை முடித்துக்கொண்டு வருகிறார்கள். வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ ஒருவர் காய்ச்சலில் கிடந்ததைக் கண்ணால் பார்த்தவர்கள். அந்த ஆசையை நான் முழுமனதோடு மதிக்கிறேன்.

ஆனால் டெங்குவை முதலாவதாக எடுக்க வேண்டாம் என்பதுதான் என் கருத்து. இரண்டாவதாக எடுங்கள். காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

கடைசி வருட இலக்கிய மீளாய்வு எழுதினாலும், முதுமாணிப் படிப்புக்கான ஆய்வு முன்மொழிவு எழுதினாலும், ஒரு சுண்டெலி இனத்தையும் ஒரு வைரஸையும் சோடியாகத் தெரிவு செய்ய வேண்டி வரும். சோடியாகத்தான் தெரிவு செய்ய வேண்டும், ஏனென்றால் ஒரே வைரஸ் ஓர் இனத்து எலியைக் கொல்லும், இன்னோர் இனத்தை ஒன்றும் செய்யாது. இதற்கு விலங்குக் கூடம் வேண்டுமே என்று மலைக்க வேண்டாம். வாசிப்பதற்கு விலங்குக் கூடம் தேவையில்லை. முக்கியமான ஆய்வுக் கட்டுரைகளில் பெரும்பகுதி இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. நாலைந்து வைரஸ்களை மேலோட்டமாகத் தொட்டுவிட்டுப் போகும் மீளாய்வைவிட, ஒரே சோடியை அடிவரை படித்த மீளாய்வு எவ்வளவோ மேல்.

முதலில் எலியைப் பற்றி. ஆய்வுகூடங்களில் அதிகம் பயன்படுவது பிளாக் 6 என்று சுருக்கமாக அழைக்கப்படும் கறுப்புச் சுண்டெலி. கிளாரன்ஸ் குக் லிட்டில் என்ற அமெரிக்க விஞ்ஞானி 1921இல் தொடங்கிய வம்சம் அது. தலைமுறை தலைமுறையாக உடன்பிறந்தவற்றையே இணைசேர்த்து வந்ததால், பரம்பரையலகு அளவில் எல்லா எலிகளும் கிட்டத்தட்ட ஒரே எலிதான். ஒன்றின் டி கலங்களை (நோயெதிர்ப்பில் முக்கியமான ஒருவகை வெள்ளைக் குருதிக் கலங்கள்) எடுத்து இன்னொன்றுக்குள் செலுத்தினாலும் உடல் அதைத் தள்ளிவிடாது. ஒரேயொரு பரம்பரையலகை நீக்கிவிட்டு, மற்றதெல்லாம் அப்படியே இருக்க, நோயெதிர்ப்பில் என்ன மாறுகிறது என்று பார்க்கலாம். மனிதரில் ஒருநாளும் செய்ய முடியாத காரியம் இது.

வைரஸ் உள்ளே வந்தபின் நடப்பதன் பொதுவான ஒழுங்கு உங்களுக்குத் தெரிந்ததே. சில மணித்தியாலங்களுக்குள் கலங்களில் உள்ள உணரிகள் வைரஸின் ஆர்என்ஏயையோ டிஎன்ஏயையோ கண்டுபிடிக்கின்றன, இன்டர்பெரோன் என்ற எச்சரிக்கைப் புரதம் வெளிவருகிறது, அக்கம்பக்கத்துக் கலங்கள் வைரஸைப் பெருக விடாமல் தங்களைத் தயார்படுத்திக்கொள்கின்றன. முதல் இரண்டு மூன்று நாட்கள் இயற்கைக் கொல்லிக் கலங்களின் காலம். கிட்டத்தட்ட ஒரு வாரத்தில் டி கலங்கள் படையாகப் பெருகி வருகின்றன. பி கலங்கள் தரும் பிறபொருளெதிரிகள் (வைரஸைப் பற்றிக்கொள்ளும் புரதங்கள்) அதற்குப் பிறகும் வலுத்துக்கொண்டே போகின்றன. எந்தச் சோடியும் இதில் ஒரு கட்டத்தை வடிவாகக் காட்டும். இன்னொன்றை மங்கலாக்கும், சில வேளை அடியோடு மறைத்தும் விடும். தெரிவு செய்யும்போது பார்க்க வேண்டியது இதைத்தான்.

எல்சிஎம்வி: என் முதல் தெரிவு

லிம்போசைற்றிக் கோரியோமெனிஞ்ஜைற்றிஸ் என்ற நீண்ட பெயர் கொண்ட வைரஸ் இது. சுருக்கமாக எல்சிஎம்வி. 1933இல் செயின்ட் லூயிஸ் நகரத்து மூளையழற்சி நோயை ஆராய்ந்துகொண்டிருந்தபோது சார்ள்ஸ் ஆம்ஸ்ட்ரோங் இதைத் தற்செயலாகக் கண்டெடுத்தார். திருமலையில் இதன் பெயரைக் கேள்விப்பட்டவர்கள் மிகக் குறைவு. "எங்களுக்குச் சம்பந்தமில்லாத வைரஸை ஏன் படிக்க வேண்டும்?" என்று பிள்ளைகள் கேட்பது நியாயம்தான். ஆனால் வீட்டுச் சுண்டெலிதான் இதன் இயற்கையான இருப்பிடம். எலியும் வைரஸும் நீண்ட காலமாக ஒன்றோடொன்று பழகியவை. எலியின் எந்தப் பாகத்தையும் வெட்டி எறியாமல், முழு எலியில், உண்மையான சண்டையைப் பார்க்க முடிகிற சோடி இது.

இன்னொரு பெரிய வசதி, இந்த வைரஸ் தான் குடியேறிய கலத்தைத் தானாகக் கொல்வதில்லை. ஆகவே எலிக்கு வருத்தம் வந்தால், அது பெரும்பாலும் எலியின் சொந்த நோயெதிர்ப்பு செய்த சேதம். எல்சிஎம்வியை நேரே மூளைக்குள் செலுத்தினால் எலி ஒரு வாரமளவில் இறந்துவிடும். டி கலங்கள் இல்லாத எலிக்கு அதே வைரஸை அதே இடத்தில் கொடுத்தால் அது சாகாது. வைரஸைச் சுமந்துகொண்டு உயிர்வாழும். இந்த ஒரு பரிசோதனையை ஆழமாக யோசித்துப் பாருங்கள். நோயைத் தந்தது வைரஸா, எதிர்ப்பா? டெங்குவில் காய்ச்சல் இறங்கி, இரத்தத்தில் வைரஸ் குறைந்துகொண்டு வரும் நேரத்தில்தான் இரத்தக் குழாய்கள் கசியத் தொடங்குகின்றன. அந்தப் புதிரை அணுகும் பழக்கத்தை எல்சிஎம்வி உங்களுக்குக் கற்றுத்தரும்.

வரலாறும் இதன் பக்கம்தான். 1930களின் நடுப்பகுதியில் எரிச் டிரௌப், தாயின் வயிற்றிலேயே தொற்றிய எலிகள் வாழ்நாள் முழுக்க நோயில்லாமல் வைரஸைச் சுமப்பதைக் கண்டார். உடல் எப்படி ஒன்றைத் தன்னுடையதென்று ஏற்றுக்கொள்கிறது என்ற கேள்விக்கு அது ஆரம்ப ஆதாரங்களில் ஒன்றானது. பிறகு கன்பராவில் 1973, 1974ஆம் ஆண்டுகளில் ரோல்ஃப் சிங்கர்நாகலும் பீட்டர் டோகர்ட்டியும் செய்த வேலை. எல்சிஎம்வி தொற்றிய எலியின் டி கலங்கள், அதே வைரஸ் தொற்றிய கலங்களைக் கொல்கின்றன. ஆனால் கொல்லப்படும் கலம் அதே எம்எச்சி வகையை (கலத்தின் மேற்புறத்தில் உடலின் அடையாளமாக நிற்கும் புரதங்கள்) கொண்டிருந்தால் மட்டுமே. வேறு எம்எச்சி வகை கொண்ட எலியின் கலத்தில் அதே வைரஸ் இருந்தாலும் டி கலம் கண்டுகொள்வதில்லை. டி கலம் வைரஸைத் தனியாகப் பார்ப்பதில்லை, தன் உடலின் அடையாளத்தோடு சேர்த்தே பார்க்கிறது என்பது அப்போதுதான் தெரிந்தது. 1996இல் இருவருக்கும் நோபல் பரிசு. உயர்தரப் பாடத்தில் ஒரு வரியாக வருகிற விஷயம், ஓர் எலியிலும் ஒரு வைரஸிலும் இருந்து எப்படிப் பிறந்தது என்று மூலக் கட்டுரையிலேயே வாசிக்கலாம். கட்டுரை சிறியது, கட்டாயம் வாசியுங்கள்.

எண்ணிக்கை விஷயத்திலும் இந்தச் சோடிக்கு ஈடில்லை. ஒரு வைரஸை எதிர்த்து எத்தனை டி கலங்கள் எழுகின்றன என்று நெடுங்காலமாகக் குறைத்துத்தான் மதிப்பிட்டார்கள். குறிப்பிட்ட டி கலங்களை நேரடியாக எண்ணும் முறை வந்தபின், 1998இல் எல்சிஎம்வி எலிகளில் பார்த்தபோது, எட்டாம் நாளளவில் மண்ணீரலில் இருந்த, சிடி8 எனப்படும் கொல்லும் வகை டி கலங்களில் பாதிக்கும் மேல் இந்த ஒரே வைரஸுக்கென்று உருவானவை என்று தெரிந்தது. வைரஸ் ஒழிந்ததும் அவற்றில் 90 வீதத்துக்கும் மேல் மடிந்துபோகின்றன. எஞ்சும் சிறு பகுதிதான் நினைவுக் கலங்கள். அவை எலியின் ஆயுள் முழுக்க நிற்கும். தடுப்பூசி எப்படி வேலை செய்கிறது என்று கிண்ணியாவில் ஒரு தாய்க்கு விளக்க வேண்டி வந்தாலும் இந்த எட்டு நாள் கதைதான் எனக்கு உதவும்.

இனி இந்த வைரஸின் இரண்டு வடிவங்கள். ஆம்ஸ்ட்ரோங் வடிவம் எட்டு நாளளவில் ஒழிந்துவிடும். குளோன் 13 என்ற வடிவத்தை அதிக அளவில் இரத்தக் குழாய்க்குள் செலுத்தினால் மாதக்கணக்கில் தங்கும். இரண்டுக்கும் இடையில் முக்கியமான வித்தியாசம் இரண்டு அமினோ அமிலங்கள். ஒன்று, கலத்தின் மேற்புறத்தில் உள்ள வாங்கி என்ற புரதத்தை வைரஸ் இன்னும் இறுக்கமாகப் பற்ற உதவுகிறது. மற்றது பெருகும் வேகத்தைக் கூட்டுகிறது. எலி அதே எலி. டி கலங்களும் எழத்தான் செய்கின்றன. ஆனால் நாளடைவில் களைத்து, கொல்லும் திறனையும் சைற்றோகைன் என்ற செய்திப் புரதங்களைச் சுரக்கும் திறனையும் படிப்படியாக இழக்கின்றன. அந்தக் களைத்த கலங்களின் மேல் பிடி-1 என்ற வாங்கி நிறைந்திருப்பதையும், அந்தப் பாதையைத் தடுத்தால் கலங்கள் மறுபடி வேலை செய்யத் தொடங்குவதையும் 2006இல் இந்த எலிகளில்தான் காட்டினார்கள். பிடி-1ஐ 1992இல் கண்டெடுத்த குழுவின் தலைவர் தசுகு ஹோன்ஜோ 2018இல் நோபல் பரிசு பெற்றார். இன்று புற்றுநோய்க்குக் கொடுக்கப்படும் சில மருந்துகள் தடுப்பது இதே பிடி-1ஐத்தான்.

இன்னொரு ஆச்சரியம். இன்டர்பெரோன் என்றாலே நல்லது என்றுதான் படித்திருப்போம். குளோன் 13 நீண்டநாள் தங்கியிருக்கும் எலிகளில் இன்டர்பெரோன் வாங்கியை மறித்தபோது, வைரஸ் இன்னும் சீக்கிரமாக ஒழிந்தது என்று 2013இல் இரண்டு குழுக்கள் தனித்தனியாகக் காட்டின. ஆரம்ப நாட்களில் காப்பாற்றும் அதே இன்டர்பெரோன், மாதக்கணக்கில் ஓயாமல் வந்துகொண்டிருந்தால் எதிர்ப்பையே அடக்கிவிடுகிறது. ஒரு மூலக்கூறை "நல்லது", "கெட்டது" என்று பிரிக்காமல் எப்போது, எவ்வளவு, எவ்வளவு காலம் என்று கேட்கப் பழக இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

குறை இல்லையா? இருக்கிறது. வைரஸை மறிக்கும் பிறபொருளெதிரிகள் இந்தத் தொற்றில் மிகவும் பிந்தித்தான் வருகின்றன. முதல் சுற்றில் வேலையை முடிப்பவை டி கலங்கள். ஆகவே பிறபொருளெதிரிதான் உங்கள் கேள்வி என்றால் எல்சிஎம்வி கைகொடுக்காது. கர்ப்பிணிகளுக்கும் உறுப்பு மாற்றுச் சிகிச்சை பெற்றவர்களுக்கும் இந்த வைரஸ் ஆபத்தானது என்பதையும் முன்மொழிவின் பாதுகாப்புப் பகுதியில் மறக்காமல் எழுத வேண்டும்.

டெங்கு: ஆசைக்கும் எலிக்கும் இடையில்

சாதாரணச் சுண்டெலிக்கு டெங்கு வராது. எல்லாச் சிக்கலும் இங்கேதான் தொடங்குகிறது. மனிதக் கலத்துக்குள் டெங்கு வைரஸின் என்எஸ்5 புரதம், இன்டர்பெரோன் செய்தியைக் கடத்தும் ஸ்டாட்2 புரதத்தை அழித்துவிடும். எலியின் ஸ்டாட்2 கொஞ்சம் வித்தியாசமானது. என்எஸ்5ஆல் அதை அழிக்க முடியவில்லை. ஆகவே எலியில் இன்டர்பெரோன் தன் வேலையை ஒழுங்காகச் செய்து வைரஸை ஆரம்பத்திலேயே அடக்கிவிடுகிறது. ஸ்டிங் என்ற இன்னொரு புரதத்திலும் இதே கதை: மனித ஸ்டிங்கை டெங்கு வைரஸ் வெட்டும், எலியினதை வெட்டாது.

அப்போ ஆய்வாளர்கள் என்ன செய்தார்கள்? இன்டர்பெரோன் வாங்கிகளே இல்லாத எலியை எடுத்தார்கள். ஏஜி129 என்று பெயர். இன்டர்பெரோன் அல்பா, பீற்றா, காமா மூன்றுக்கும் செவிடான எலி அது. 1999இல் இந்த எலிகளை டெங்குவுக்குப் பயன்படுத்தும் முறை வந்தது. இவற்றில் வைரஸ் பெருகும், எலி நோயுறும், இறக்கும். ஆனால் வாசல் கதவைக் கழற்றி வைத்துவிட்டு அந்த வீட்டில் களவு எப்படி நடக்கிறது என்று ஆராய்வது போன்ற நிலை அது. முதல் மூன்று நாட்களின் எதிர்ப்பைப் பற்றி ஏஜி129 உங்களுக்கு ஒன்றும் சொல்லாது. இன்டர்பெரோன் காமா டி கலங்களின் முக்கிய ஆயுதங்களில் ஒன்று என்பதால், பிந்திய கட்டமும் முழுமையாகத் தெரியாது.

இது வெறும் கோட்பாட்டுச் சிக்கல் இல்லை. கோணேசபுரி வளாகத்தில் சித்த மருத்துவம் படிக்கும் பிள்ளைகள் நிலவேம்பு போன்ற மூலிகைகளை டெங்கு எலியில் சோதிக்கலாமா என்று யோசிப்பது இயல்பு. நல்ல கேள்வி. ஆனால் அந்தச் சாறு இன்டர்பெரோனைத் தூண்டுவதன் மூலம் வேலை செய்வதாக வைத்துக்கொள்வோம். ஏஜி129 எலியில் அதன் பலன் தெரியவே தெரியாது. சாறு எவ்வளவு தூண்டினாலும் அதைக் கேட்க வாங்கி இல்லை. சரி, சாதாரண எலியில் சோதிக்கலாம் என்றால் அங்கே வைரஸே பெருகாது. நல்ல மருந்தைப் "பலனில்லை" என்று எழுதிவிட்டுப் போகும் ஆபத்து உண்டு. இப்படியான கேள்விக்கு, குறிப்பிட்ட சில கலங்களில் மட்டும் இன்டர்பெரோன் வாங்கி நீக்கப்பட்ட எலிகள் இருக்கின்றன. அவற்றில் கிருமிகளை விழுங்கும் மக்ரோபேஜ் போன்ற கலங்கள் மட்டுமே செவிடு, டி கலங்களும் பி கலங்களும் சுகமாக இருக்கும். சோதனைக்குரிய இன்டர்பெரோன் சார்ந்த கேள்விகளை அங்கே கேட்பது எவ்வளவோ பொருத்தம்.

இவ்வளவு குறை சொன்ன பிறகும், ஏஜி129இல் செய்த ஒரு வேலையை நான் மிகவும் மதிக்கிறேன். டெங்குவில் நான்கு வகைகள். ஒன்று வந்து சுகமானவருக்கு வேறொரு வகை வரும்போது நோய் கடுமையாகும் சாத்தியம் கூடுகிறது. முதல் தொற்றில் உருவான பிறபொருளெதிரிகள் இரண்டாவது வகையைப் பற்றிக்கொள்கின்றன, ஆனால் மறிப்பதில்லை. மாறாக வைரஸைக் கலத்துக்குள் கூட்டிச் செல்கின்றன என்று டெங்கு ஆய்வாளர் ஸ்கொட் ஹால்ஸ்டெட் பல ஆண்டுகளாகச் சொல்லிவந்தார். 2010இல் ஏஜி129 எலிகளுக்கு முதலில் கொஞ்சம் பிறபொருளெதிரியும் பின்னர் வைரஸும் கொடுத்தார்கள். பிறபொருளெதிரி இல்லாமல் தப்பியிருக்கக்கூடிய எலிகள் சில நாட்களிலேயே இறந்தன. அதே பிறபொருளெதிரியின் வால்பகுதியை, கலத்தின் வாங்கியோடு ஒட்டாதபடி மாற்றிக் கொடுத்தபோது எலிகள் தப்பின. சந்தேகமாக இருந்த ஒரு பொறிமுறை கண்முன்னே நிரூபணமானது. 2017இல் நிக்கராகுவாவில் பிள்ளைகளை வருடக்கணக்கில் தொடர்ந்த ஆய்வும் இதற்கு ஒத்துப்போனது: பிறபொருளெதிரி மிகக் குறைவாகவோ மிக அதிகமாகவோ இருந்தவர்களைவிட, இடைப்பட்ட அளவில் இருந்தவர்களுக்கே கடுமையான டெங்கு வரும் ஆபத்து கூடியிருந்தது.

ஆகவே டெங்கு எலி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பிறபொருளெதிரி பற்றிய கேள்வியோடு போனால் அது மிக நல்ல எலி. இன்டர்பெரோன் பற்றிய கேள்வியோடு போனால் அது பிழையான எலி. இந்த வித்தியாசத்தை உணர்வதற்கு, முழு எதிர்ப்பும் ஒழுங்காக நடக்கும் ஒரு சோடியை முதலில் அறிந்திருக்க வேண்டும். அதற்காகத்தான் எல்சிஎம்வியை முன்னால் வைத்தேன்.

இன்புளுவென்சாவும் எலி அம்மையும்

இன்புளுவென்சாவை எடுப்பவர்களுக்கு நுரையீரல் முழுவதும் திறந்து கிடக்கிறது. பிஆர்8 என்று அழைக்கப்படும் 1934ஆம் ஆண்டு வடிவம் எலிக்கு நன்றாகப் பழக்கப்பட்டது. மூக்கு வழியாகக் கொடுத்து, தினமும் எடை பார்த்து, நோயின் போக்கைத் தொடரலாம். டி கலங்களும் பிறபொருளெதிரிகளும் சேர்ந்து வேலை செய்வதை ஒரே தொற்றில் காணலாம். மேற்புறப் புரதங்கள் வேறான எக்ஸ்31 வடிவம் முதலில் தொற்றிய எலி, பின்னர் பிஆர்8 வந்தாலும் ஓரளவு தாங்கும். இரண்டுக்கும் பொதுவான உட்புரதங்களை நினைவில் வைத்த டி கலங்கள் காப்பாற்றுகின்றன. நுரையீரலிலேயே தங்கிவிடும் நினைவு டி கலங்கள் சில மாதங்களில் குறைந்துபோகின்றன என்பதும் இந்த எலிகளில் தெளிவாகத் தெரிந்தது. தடுப்பூசித் துறைக்குப் போக நினைப்பவர்களுக்கு நான் எல்சிஎம்விக்கு அடுத்ததாக இதைத்தான் சொல்வேன்.

ஆனால் இங்கும் ஒரு மறைந்த ஓட்டை. 1957இல் அலிக் ஐசக்ஸோடு சேர்ந்து இன்டர்பெரோனைக் கண்டுபிடித்த ஷான் லின்டன்மன், 1962இல் ஏ2ஜி என்ற எலி இனம் மட்டும் இன்புளுவென்சாவைத் தாங்கி நிற்பதைக் கவனித்தார். காரணம் எம்எக்ஸ்1 என்ற பரம்பரையலகு. இன்டர்பெரோன் தூண்டும்போது எழுந்து இன்புளுவென்சாவை மறிக்கும் புரதத்தைத் தருவது அது. பிளாக் 6 உட்பட வழக்கமான ஆய்வுகூட இனங்களில் பெரும்பாலானவற்றில் இந்தப் பரம்பரையலகு பழுதாகிப் போயிருக்கிறது. நாம் வாசிக்கும் இன்புளுவென்சாக் கட்டுரைகளில் பெரும்பகுதி, எம்எக்ஸ்1 இல்லாத எலிகளின் கதை. மனிதரிடமோ அதற்கு இணையான புரதம் வேலை செய்துகொண்டிருக்கிறது. மீளாய்வில் இந்த ஒரு விஷயத்தை எழுதாமல் விட்டால், கேள்வி கேட்கத் தெரிந்த பரீட்சகர் அங்கேயே பிடிப்பார்.

எலி அம்மை எனப்படும் எக்ட்ரோமீலியா வைரஸ், பெரியம்மையின் உறவு. ஃபிராங்க் ஃபென்னர் 1940களில் இதை வைத்து, காலில் நுழைந்த வைரஸ் நாளுக்கு நாள் நிணநீர்க் கணு, ஈரல், மண்ணீரல், தோல் என்று எப்படிப் பரவுகிறது என்று படிப்படியாகக் காட்டினார். பிற்காலத்தில் பெரியம்மை ஒழிந்ததை உறுதிசெய்த உலக ஆணைக்குழுவுக்கும் அவரே தலைவர். பிளாக் 6 எலி இந்த வைரஸைத் தாங்கும். பால்ப்-சி என்ற வெள்ளை எலி இறந்துவிடும். பரம்பரை நோயெதிர்ப்பை எப்படி மாற்றுகிறது என்று கேட்க நினைப்பவருக்கு அருமையான சோடி. 2001இல் கன்பராவில், இந்த வைரஸுக்குள் இன்டர்லூகின்-4 என்ற நோயெதிர்ப்புச் செய்திப் புரதத்தின் பரம்பரையலகைச் சேர்த்தபோது தடுப்பூசி போட்ட எலிகள்கூட இறந்தன. உலகமே திடுக்கிட்ட முடிவு அது. ஆனால் ஒரு வருடத்தில் எழுதி முடிக்க வேண்டிய பிள்ளைக்கு, வாசிக்கக் கிடைக்கும் கட்டுரைகளின் அளவிலும் வழிகாட்டக்கூடியவர்களின் எண்ணிக்கையிலும் இது எல்சிஎம்விக்கு அருகில் வராது.

இயற்கைக் கொல்லிக் கலங்கள்தான் உங்கள் ஆசை என்றால் எலியின் சைற்றோமெகலோ வைரஸ் ஒன்றே போதும். பிளாக் 6இன் கொல்லிக் கலங்களில் உள்ள ஒரு வாங்கி இந்த வைரஸின் ஒரு புரதத்தை நேரடியாக அடையாளம் காண்கிறது. அந்தக் கலங்களுக்கும் ஒருவித நினைவு உண்டு என்று 2009இல் காட்டப்பட்டது.

எதை எடுத்தாலும் பொருந்துகிற ஒரு எச்சரிக்கையும் இருக்கிறது. ஆய்வுகூட எலி வாழ்நாள் முழுக்கச் சுத்தமான கூட்டில், வடிகட்டிய காற்றில் வளர்வது. 2016இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் ஒரு குழு, செல்லப்பிராணிக் கடையில் வாங்கிய சுண்டெலிகளை ஆய்வுகூட எலிகளோடு ஒரே கூட்டில் விட்டது. ஆய்வுகூட எலிகளில் சில இறந்தன. தப்பியவற்றின் டி கலங்கள் வளர்ந்த மனிதருடையதைப் போல மாறின. அதுவரை அவை பிறந்த குழந்தையின் நிலையில் இருந்தன. எங்கள் ஊர்ப் பிள்ளைகள் மண்ணிலும் கடற்கரையிலும் புரண்டு, புழுவும் காய்ச்சலும் கண்டு வளர்பவர்கள். சுத்தமான எலியில் வந்த முடிவை அவர்களுக்குப் பொருத்தும்போது இதைக் கட்டாயம் ஒரு பந்தியிலாவது எழுதுங்கள். எலிகளின் உயிரையும் மறக்க வேண்டாம். ரசலும் பர்ச்சும் 1959இல் முன்வைத்த மூன்று கேள்விகளை, அதாவது எலிக்குப் பதிலாக வேறு வழி உண்டா, எண்ணிக்கையைக் குறைக்கலாமா, வேதனையைத் தணிக்கலாமா என்பவற்றை, முன்மொழிவின் கடைசியில் ஒப்புக்குச் சேர்க்காமல் ஆரம்பத்திலேயே பதில் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள்.

இவ்வளவையும் கேட்டபிறகும் "இல்லை மிஸ், டெங்குதான்" என்று நிற்கும் பிள்ளைக்கு என்னிடம் ஒரு கேள்வி இருக்கிறது. முதல் வயது நிறையாத குழந்தைக்கு, வாழ்க்கையில் முதல் தடவையாக டெங்கு வரும்போதே சில வேளை கடுமையாக வருகிறது. தாயிடமிருந்து வந்த பிறபொருளெதிரிகள் மெல்ல மெல்லக் குறையும் மாதங்களில் இது நடக்கிறது. 2014இல் ஒரு ஆய்வுக் குழு ஏஜி129 எலிகளில் இதையே உருவாக்கிக் காட்டியது: ஒரு டெங்கு வகை கண்ட தாய்க்குப் பிறந்த குட்டிகளுக்கு வேறொரு வகையைக் கொடுத்தபோது, நோய் கண்டிராத தாயின் குட்டிகளைவிட அவை மோசமாக நோயுற்றன. பிறபொருளெதிரி பற்றிய கேள்வி என்பதால் இந்த எலி இங்கே பொருத்தமானது. திருமலையிலும் கிண்ணியாவிலும் தாய்மாரில் பலருக்கு ஒரு தடவையாவது டெங்கு வந்திருக்கும். குட்டியின் இரத்தத்தில் தாயின் பிறபொருளெதிரி எந்த அளவுக்கு இறங்கும்போது பாதுகாப்பு ஆபத்தாக மாறுகிறது? வாரம் வாரமாக அளந்து பார்க்கும் ஒரு முன்மொழிவை எழுதுங்கள். எந்த எலி இனம், எந்த டெங்கு வகை, எவ்வளவு அளவு, எந்த வழியாக, எத்தனையாம் நாள் என்ற ஐந்தையும் முதல் பக்கத்திலேயே எழுதிக்கொண்டு வாருங்கள், உட்கார்ந்து வாசிப்போம்.